அரை அடி பின்னால்

திண்டுக்கல்
22 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாகஜோதி எழுதுவது. தப்பு நிறைய இருக்கும். பிரெய்ல் படிக்க ஆரம்பித்தே மூன்று வாரம்தான் ஆகிறது. வலமிருந்து இடமாக ஊசியால் குத்திவிட்டு, தாளைத் திருப்பிப் போட்டு இடமிருந்து வலமாகத் தடவி வாசிக்க வேண்டும் என்பது இன்னும் என் மண்டைக்குள் முழுசாக ஏறவில்லை. பிரெய்ல் தெரிந்த யாருக்காவது கடிதம் எழுதி, அவர்களிடமே திருத்தி வாங்கி வரவேண்டும் என்று எங்கள் பயிற்சியாளர் மரியராஜ் சார் சொல்லிவிட்டார். எனக்கு உன்னை விட்டால் யாரைத் தெரியும்? நீ என்னோடு பேசுவதில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

நான் கிளம்பிய அன்று நீ அறையை விட்டு வெளியே வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் செத்த நேரம் நின்றுதான் பார்த்தேன். சரி, அதை விடு.

இங்கே சாப்பாடு பரவாயில்லை. பார்வை இல்லாதவர்களுக்கு நடக்க, சமைக்க, வாசிக்கச் சொல்லித் தருகிற ஆட்களைத் தயார் செய்வதுதான் இந்த ஒரு வருடப் படிப்பு. அதனால் முதலில் எங்கள் கண்ணைக் கட்டிவிட்டார்கள். கையில் வெள்ளைக்கோலைக் கொடுத்து வராந்தாவில் நடக்கவிட்டார்கள். ஆளாளுக்குச் சுவரில் முட்டிக்கொண்டார்கள். என் அறைத்தோழி அனிஷா தண்ணீர்க் கேனைத் தட்டிவிட்டு ஊரைக் கூட்டினாள். நான் மட்டும் நேராகப் போய் நேராகத் திரும்பி வந்தேன். "வீட்ல யாருக்கும்மா பார்வை இல்ல?" என்று சார் கேட்டார். "எங்க அண்ணனுக்கு சார்" என்றேன். "அதான் பழக்கம் இருக்கு" என்றார். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

திருத்தி அனுப்பு. திட்டியாவது அனுப்பு.

தங்கை
ஜோதி


சேவுகம்பட்டி
1 ஜூலை 2025

ஜோதி,

திருத்திய தாள் உள்ளே இருக்கிறது. ஊசியை இம்புட்டு அழுத்திக் குத்தாதே. பாதி இடத்தில் புள்ளிக்குப் பதிலாக ஓட்டைதான் இருக்கிறது.

நான் ஏன் பேசவில்லை என்று உனக்கே தெரியும். இன்டர்வியூவில் சொன்னதை நீதான் வந்து பெருமையாக ஒப்பித்தாய். "எங்க அண்ணன் பள்ளிக்கூடம் முடிச்சதுக்கப்புறம் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளியவே வந்ததில்ல, அவர வெளிய கொண்டு வாரதுதான் என் லட்சியம்" என்றாயாம். கேள்வி கேட்ட அந்த அம்மா கண் கலங்கினார்களாம். என்னைக் காட்டி சீட் வாங்கியிருக்கிறாய். கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள்கூட தங்கள் கண்ணைக் காட்டித்தான் கேட்கிறார்கள். நீ அடுத்தவன் கண்ணைக் காட்டிக் கேட்டிருக்கிறாய். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறும்போது சொல்கிறேன்.

கடிதம் எழுதுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. போனில் பேசினால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். வாய்ஸ் மெசேஜ் வந்தால் போனைப் பிடுங்கித் தெருவுக்கே கேட்கிற மாதிரி போடுகிறாள். இந்த வீட்டில் பிரெய்ல் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்த மட்டில் நிம்மதி.

ஒரு செய்தி. உன் சம்பந்தம் பேச ஆயக்குடிக்காரர்கள் வந்திருந்தார்கள். ஆவணிக் கடைசியில் பூ வைத்து உறுதி செய்துவிடலாம் என்று பேச்சு. மாப்பிள்ளை அஜித் அதிகம் பேசவில்லை, கொய்யாத் தோப்பைப் பற்றி அப்பா கேட்டபோது மட்டும் வாய் திறந்தார். நல்ல குரல். அவருடைய அம்மாதான் காப்பி குடித்து முடித்ததும் ஆரம்பித்தார். "ஏனுங்க, தம்பிக்கு இருக்கறது பொண்ணுக்கும் வருமுங்களா?"

அப்பா சிரித்துவிட்டார். "அட, எம்பொண்ணுதாங்க இவனுக்கே கண்ணு" என்றார். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். பேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மதியழகன்


திண்டுக்கல்
13 ஜூலை 2025

அண்ணே,

திட்டியதற்கு நன்றி. சார் உன் திருத்தத்தைப் பார்த்து "ஒங்க அண்ணன் வாத்தியாரா?" என்று கேட்டார். இல்லை, மல்லிகைப்பூ யாவாரம், கமிஷன் கடைக்காரர்களோடு போனில் பேசி விலை முடிப்பதெல்லாம் அவர்தான் என்று சொன்னேன். இதையாவது சரியாகச் சொன்னேனா?

இன்டர்வியூவில் சொன்னது தப்புதான். ஆனால் பொய் இல்லையே.

இந்த வாரம் ஆளை அழைத்துப் போவது எப்படி என்று பாடம். நம் ஊரில் என்ன செய்வார்கள்? கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவார்கள். அப்படிச் செய்யவே கூடாதாம். நம் முழங்கையை அவரிடம் கொடுக்க வேண்டும். பார்வை இல்லாதவர் அதைப் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார். நம் உடம்பு ஏறுவதும் இறங்குவதும் அவருக்குக் கையிலேயே தெரிந்துவிடும். எல்லோரும் தடுமாறினார்கள். நான் கண்ணைக் கட்டியதும் அனிஷாவின் முழங்கையை டக்கென்று பிடித்து அளவாகப் பின்னால் நடந்தேன். யார் சொல்லித் தந்தார்கள் என்று சார் கேட்டார். யார் சொல்லித் தரவேண்டும்? சாயங்காலம் மோட்டார் போடத் தோட்டத்துக்குப் போகும்போது நாம் இப்படித்தானே போவோம். உன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நான் அரை அடி பின்னால் வருவேன். அந்தப் பழக்கம்தான் என்று சொன்னேன்.

ஒரு வேடிக்கை. கண்ணைக் கட்டினால் முட்டாத நான், கண்ணைத் திறந்துகொண்டு விழுந்து வைத்தேன். ராத்திரி சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் படிக்கட்டு இருப்பதை மறந்துவிட்டேன். முட்டி சிராய்த்துவிட்டது. போன வாரம் பெஞ்சில் இடித்துக்கொண்டேன். அனிஷா எனக்குப் 'பகல் ராணி' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

கடைசியாக ஒன்று கேட்கவேண்டும். தை மாதம் முதல் நாங்கள் ஒவ்வொருவரும் அவரவர் ஊர்ப் பக்கத்தில் ஒருவருக்குக் கோல் பிடித்து நடக்கச் சொல்லித் தரவேண்டும். என் ஆளாக நீ இருக்கிறாயா?

ஜோதி


சேவுகம்பட்டி
18 ஜூலை 2025

ஜோதி,

நான் உன் ஆளாக இருக்க மாட்டேன். அது கிடக்கட்டும்.

உன் கடிதத்தை நாலைந்து தடவை வாசித்துவிட்டேன். உன் சார் சொன்னதை நீயே எழுதியிருக்கிறாய், உனக்கே உறைக்கவில்லை. முழங்கையைக் கொடுப்பவர் யார்? பிடித்துக்கொண்டு பின்னால் வருபவர் யார்?

தோட்டத்துக்குப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நீதான் பின்னால் வருவாய். வரப்பு திரும்பும் இடத்தில் நான்தான் முதலில் திரும்புவேன். அந்தப் பாதை என் காலுக்குத் தெரியும். எதிரே வருகிறவர்கள் "எம்புட்டுப் பொறுப்பா அண்ணனக் கூட்டிட்டுப் போறா பாரு" என்பார்கள். நீயும் நம்பினாய், நானும் நம்பினேன். பகலில் போனால் நீ பிடிக்கவே மாட்டாய், முன்னால் ஓடிவிடுவாய். இருட்டிய பிறகுதான் பிடிப்பாய். எனக்குத் துணையாக என்று நினைத்திருந்தேன்.

படிக்கட்டை நீ மறக்கவில்லை. உனக்குத் தெரியவில்லை.

எனக்கும் இப்படித்தான் தொடங்கியது. விளக்கு வைக்கிற நேரத்தில் வாளியை உதைத்துத் தள்ளுவேன், கவனம் இல்லை என்று அப்பா அடிப்பார். பகலில் எல்லாம் சரியாக இருக்கும்.

யாரிடமும் சொல்லாதே. போய்க் கண்ணைக் காட்டு. ஒன்றும் இல்லை என்று வந்தால் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்.

மதி


திண்டுக்கல்
3 ஆகஸ்ட் 2025

அண்ணே,

உன் கடிதம் வந்ததும் கோபம் வந்தது. கிழித்துப் போடப் பார்த்தேன். பிரெய்ல் தாள் கெட்டி, லேசில் கிழியாது. அப்படியே பெட்டிக்குள் போட்டுவிட்டேன். நீ வேண்டுமென்றே என்னைப் பயமுறுத்துகிறாய் என்று நினைத்தேன்.

அடுத்த வாரமே பார்வைப் பரப்பைச் சோதிப்பது எப்படி என்று வகுப்பு. இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே உட்கார வேண்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிராளியின் மூக்கையே பார்க்க வேண்டும். அவர் பக்கவாட்டிலிருந்து விரலை ஆட்டிக்கொண்டே நடுவுக்குக் கொண்டு வருவார். தெரிந்ததும் 'தெரியுது' என்று சொல்ல வேண்டும். அனிஷாவுக்கு நான் செய்தேன். காதுக்குப் பக்கத்திலேயே தெரியுது என்றாள். பிறகு அவள் எனக்குச் செய்தாள்.

"தெரியுதா?" என்றாள். இன்னும் ஆரம்பிக்கவில்லை போல என்று நான் சும்மா இருந்தேன். "தெரியுதாடி?" என்றாள். "மொதல்ல வெரல நீட்டு" என்றேன். "ஏ, வெளாடாத ஜோதி" என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அவளுடைய விரல் என் மூக்குக்கு நேராக வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சார் வந்து பார்த்தார். மறுபடி அவரே செய்தார். அவரே மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

மிஷினுக்குள் தலையை வைத்து, புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நான் அமுக்கிய நேரத்தை விடச் சும்மா இருந்த நேரம்தான் அதிகம். அண்ணனுக்கு இருப்பதுதான் உனக்கும் என்று டாக்டர் சொன்னார். மெதுவாகப் போகிற வகை. ஓரம் முதலில், நடு கடைசியில். எப்போது என்று சொல்ல முடியாது, பத்து வருடமும் ஆகலாம், கூடவும் ஆகலாம். அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் கட்டியவர்களா என்று அவராகவே கேட்டார். ஆமாம், அம்மா அப்பாவுக்குச் சொந்த அக்கா மகள் என்றேன்.

வெளியே வந்ததும் எனக்குப் பசித்தது. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டேன். சார் தன் இலையைத் தொடவில்லை. இன்னும் கொஞ்சம் சால்னா கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன். அழவேண்டும் என்று தெரிகிறது, வரவில்லை. எனக்கு நடந்ததாகவே தோன்றவில்லை. யாருக்கோ ரிப்போர்ட் வாங்கப் போய்விட்டு வந்த மாதிரி இருக்கிறது.

இன்று ஆடிப் பதினெட்டு. பூ நல்ல விலை போயிருக்கும்.

ஜோதி


சேவுகம்பட்டி
9 ஆகஸ்ட் 2025

ஜோதி,

உனக்கு எழுத உட்கார்ந்து தாளை மாட்டி மாட்டிக் கழற்றினேன். ஆறுதலாக எழுத எனக்கு வரவில்லை. எனக்கு யாராவது சொன்னால் எரிச்சல்தான் வரும், அதை உனக்கு எப்படி எழுதுவது?

எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. காலையில் எழுந்தேன், விலை சொன்னேன், சாப்பிட்டேன். சோற்றுக்குத் தொட்டுக்கொண்ட வெஞ்சனம் என்ன என்று அம்மா கேட்டால்கூடத் தெரியாது. நேற்று ஒரு யாவாரிக்குப் போன வாரத்து விலையைச் சொல்லிவிட்டேன். அப்பா கத்தினார், கத்தட்டும் என்று இருந்தேன்.

இங்கே பூ வைக்கும் வேலை மும்முரமாக நடக்கிறது. சின்னாளப்பட்டிக்குப் போய் உனக்குச் சேலை எடுத்து வந்துவிட்டார்கள். அம்மா அதை என் மடியில் போட்டு, ஜரிகையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். நன்றாக இருக்கிறது என்றேன்.

ஜோதி, அஜித்திடம் சொல்லிவிடு. பூ வைப்பதற்கு முன்னால். அவருடைய அம்மா நேராகக் கேட்டார், அப்பா விஷயம் தெரியாமல் 'இல்லை' என்றார். தெரிந்த பிறகும் நாம் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது வேறு. நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்து, அந்தி நேரத்தில் அது வாளியை உதைத்தால் அந்த வீட்டில் நீ எந்த முகத்தோடு நிற்பாய்? அந்தக் குடும்பத்தின் முன்னால் நீ நடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். பார்வை போவதை விட அது கஷ்டம். எனக்குத் தெரியும், நான் இரண்டு வருடம் பார்க்கிற மாதிரி நடித்திருக்கிறேன்.

நீ சொல்லாவிட்டால் நான் சொல்ல மாட்டேன். அது உன் பாடு. ஆனால் சொல்.

மதி


திண்டுக்கல்
24 ஆகஸ்ட் 2025

அண்ணே,

சொல்லிவிட்டேன்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, வெளியாள் பார்க்க அனுமதி உண்டு. அஜித்தை வரச் சொன்னேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பை நிறையக் கொய்யாப்பழத்தோடு வந்தார். வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

பார்வை திரும்பாது என்பதை ஒரு குடும்பத்துக்கு எப்படிச் சொல்வது என்று எங்களுக்கு ஒரு வகுப்பு இருக்கிறது. சுற்றி வளைக்கக்கூடாது. விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு பேச்சை நிறுத்த வேண்டும். கவலைப்படாதீர்கள் என்று சொல்லக்கூடாது. அவர்கள் வாயைத் திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். நான் அதை அப்படியே செய்தேன். "எங்க அண்ணனுக்கு இருக்கற நோய் எனக்கும் இருக்கு, போன மாசம்தான் தெரிஞ்சது. கொஞ்சம் கொஞ்சமா பார்வை போயிரும்" என்றேன். நிறுத்திவிட்டேன். என் குரல் எனக்கே வகுப்பில் கேட்பது போல இருந்தது.

அவர் பழப் பையை எடுத்துத் தரையில் வைத்தார். "கண்ணாடி போட்டாச் சரியாயிருமுங்களா?" என்றார். ஆகாது என்றேன். "ஆப்பரேசன்?" இல்லை என்றேன். "இப்ப என்னையத் தெரியுதுங்களா?" என்று கேட்டார். தெரியுதே, மூக்குப் பக்கத்தில் மச்சம்கூடத் தெரியுது என்றேன். சிரிக்கப் பார்த்தார்.

"என்றகிட்ட மறைக்காமச் சொன்னீங்க. வீட்ல கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்று எழுந்தார். நல்ல மனுஷன் அண்ணே. எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. கேட் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தாரா என்று தெரியவில்லை. அந்நேரம் வெளிச்சம் குறைந்துவிட்டது.

பழத்தை அனிஷாவிடம் கொடுத்துவிட்டேன்.

ஜோதி


சேவுகம்பட்டி
2 செப்டம்பர் 2025

ஜோதி,

நேற்றுக் கல்யாணத் தரகர் வந்தார். ஜாதகத்தில் ஏதோ சரியில்லை, ஆயக்குடியில் யோசிக்கிறார்கள் என்றார். பார்த்த ஜாதகம்தானே, மூன்று மாதம் கழித்தா சரியில்லாமல் போகும் என்று அப்பா சண்டைக்குப் போய்விட்டார். அவர்கள் வீட்டுக்கே போய் நியாயம் கேட்கிறேன் என்று சட்டையை மாட்டினார். அவர் போய் அங்கே அசிங்கப்படக்கூடாது. அதனால் உன் கண் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்குத் திட்டு.

அப்பா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அரிசி களையும் சத்தம் கேட்டது.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் பேசினாள். "ரெண்டு பிள்ளைக்கும் ஒரே மாதிரி எழுதிட்டானே." அவ்வளவுதான்.

அஜித் எனக்குப் போன் செய்தார். "நல்லா இருக்கீங்களாங்க" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

மதி


திண்டுக்கல்
14 செப்டம்பர் 2025

அண்ணே,

உன்னைத் திட்ட எனக்குத் தெம்பு இல்லை. சொன்னது நல்லதுதான்.

அம்மா தினமும் போன் செய்கிறாள். போன வாரம் நேரிலேயே வந்துவிட்டாள். ஹாஸ்டல் வராந்தாவில் என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பட்டப்பகலில் என்னைப் பிடித்துப் படியிறக்கிவிட்டாள் அண்ணே. எனக்கு எல்லாம் தெரிகிறது என்று சொன்னேன், விடவில்லை. கை வலித்தது. நானும் உருவிக்கொள்ளவில்லை.

படிப்பை நிறுத்த வேண்டியதில்லை என்கிறார் மரியராஜ் சார். இங்கேயே பார்வை இல்லாத பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், பாடத்தை மாற்றித் தருகிறேன், சமையலும் பிரெய்லும் சொல்லிக் கொடு, பகலில் நடமாட்டப் பயிற்சியும் கொடு என்கிறார். அவர் சொல்வது காதில் விழுகிறது. உள்ளே போவதில்லை. கண்ணைக் கட்டி நடக்கச் சொன்னால் முன்பு விளையாட்டாக இருந்தது. இப்போது கண்கட்டுத் துணியைக் கையில் எடுத்தால் மடித்துத் திரும்ப வைத்துவிடுகிறேன்.

அம்மா சொல்வது போல வந்துவிடலாம் என்றுதான் இருக்கிறது. எதையும் யோசிக்காமல் படுத்திருக்கலாம். சோறு வரும், துணி துவைத்து வரும். பெட்டி கட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை அப்பா வருகிறேன் என்றிருக்கிறார்.

நீ என்ன சொல்கிறாய்? நீ வா என்றால் வருகிறேன். வேண்டாம் என்றால் ஏன் என்று சொல். எனக்கு முடிவு எடுக்கத் தெரியவில்லை.

ஜோதி


சேவுகம்பட்டி
17 செப்டம்பர் 2025

ஜோதி,

தபாலை நம்பவில்லை. திண்டுக்கல்லுக்குப் பூ கொண்டு போகிற வேன்காரரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். தான் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும் என்று உத்தரவு. அண்ணன் எழுதினால்தான் நீ கேட்பாயாம். ஊசிச் சத்தம் கேட்கிற வரைக்கும், தான் சொல்வதுதான் தாளில் ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"பெட்டிய எடுத்துக்கிட்டு அப்பாகூட வந்துரு தாயி. படிச்ச வரைக்கும் போதும்." இது அவள் சொன்னது.

பெட்டியை அவிழ்த்துத் துணியை அலமாரியில் வை. இது நான் சொல்வது.

"ஒனக்கு ஒரு கொறையும் வராமப் பாத்துக்கிருவேன். ஒங்க அண்ணன வச்சுப் பாக்குறேன்ல, அது மாதிரி."

அவள் பொய் சொல்லவில்லை ஜோதி. எனக்கு மீனில் முள்ளெடுத்து வைக்கிறாள். என் சட்டைப் பொத்தானை இன்றைக்கும் அவள்தான் போட்டுவிடுகிறாள். நான் எழுந்தால் கூடவே எழுந்துவிடுகிறாள். இந்த வயதுக்கு நான் தனியாகக் கடைக்குப் போய் ஒரு சோப்பு வாங்கியதில்லை. எனக்கு என்ன கலர் சட்டை பிடிக்கும் என்று யாரும் கேட்டு ரொம்ப நாளாகிறது. பூ விலையைத் தவிர என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கண் போனதால் இப்படி ஆனேன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கண் போனது பாதிதான். மீதி, என்னை ரொம்ப நன்றாகப் பார்த்துக்கொண்டதால் ஆனது.

எதையும் யோசிக்காமல் படுத்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். ஆமாம், படுத்திருக்கலாம். முதல் வருடம் சுகமாகத்தான் இருக்கும்.

"ஊர்ல என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிருவேன், அவளுக்கு ஒண்ணும் வேண்டாம், எம்பிள்ள எங்கிட்ட இருந்தாப் போதும்னு எழுது." இதைச் சொல்லும்போது அம்மாவுக்குக் குரல் உடைந்துவிட்டது. அவள் மேல் எனக்குப் பாசம் இல்லாமல் இல்லை. இந்த ஒரு வரியையாவது அவள் சொன்னபடி எழுதி, அதோடு நிறுத்திவிடலாமா என்று ஊசியைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். நிறுத்தினால் நீ வந்துவிடுவாய்.

வெள்ளிக்கிழமை அப்பா வந்தால் சாப்பாடு போட்டு அனுப்பு. அழுதால் அழட்டும். அவரும் அழுவார். தை மாதத்துக்கு ஆள் வேண்டும் என்றாயே, அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம், இப்போது என்னால் எதற்கும் சரி என்று சொல்ல முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்கும் இருக்கும். அந்தப் பயத்தோடு அங்கேயே இரு.

"எல்லாத்தையும் எழுதிட்டியாப்பா? வந்துரச் சொல்லிட்டியா?" என்று கேட்கிறாள்.

எழுதிட்டேம்மா என்றேன்.

"அப்ப கடைசியா எம் பேரப் போடு. எம் பேரு இருந்தாத்தான் நம்புவா" என்கிறாள். அதை மட்டும் அவள் சொன்னபடியே போடுகிறேன்.

வராதே.

இப்படிக்கு
உன் அம்மா
அய்யம்மாள்